பானுப்ரியா பார்க்காத தொடர்

எதைக் கேட்டாலும் பானுப்ரியாவிடம் ஒரு கருத்து தயாராக இருக்கும். திண்டிவனம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் குமரேசன் நடத்தும் மருந்துக்கடையில் பில் போடுவதுதான் அவள் வேலை. ஆனால் இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள் முதலாளியைத் தாண்டி அவளிடம்தான் கேட்பார்கள். "எது அக்கா நல்லா கேக்கும்?" என்றால், "பச்ச டப்பாவ வாங்கிக்கினு போ. சிவப்பு வாணாம், கசக்கும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். பச்சையோ சிவப்போ அவள் நாக்கில் ஒரு சொட்டு பட்டதில்லை. வாங்கிப் போனவர்கள் மறுபடி வந்து சொல்வதைக் காதில் போட்டுக்கொண்டு, அதையே தன் சொந்த அனுபவம் மாதிரி அடுத்தவருக்கு எடுத்து விடுவாள். எல்லா மருந்தையும் குடித்துப் பார்த்துவிட்டா விற்க முடியும் என்பது அவள் கட்சி. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. கடையில் இதை யாரும் குற்றமாக எடுத்துக்கொண்டதும் இல்லை.

அவளுக்குச் சொந்த ஊர் அனந்தபுரம். பிளஸ் டூ முடித்த கையோடு, காணையில் கரும்பு போடும் குடும்பத்தில் செல்வகுமாருக்குக் கட்டிக் கொடுத்தார்கள். பையன் தென்னரசு பள்ளிக்கூடத்தில் சேரும் வயதில் விழுப்புரத்துக்குக் குடிவந்தார்கள். செல்வகுமார் பொழுது விடிந்ததும் பைக்கில் காணைக்குக் கிளம்பிவிடுவான், பானு ரயிலேறித் திண்டிவனம் போவாள். ஒரே பிள்ளை என்று பொத்திப் பொத்தி வளர்த்து, கோயம்புத்தூருக்கு இன்ஜினியரிங் படிக்க அனுப்பிய பிறகுதான் அவளுக்கு ஒரு விஷயம் உறைத்தது. அந்தப் பிள்ளையிடம் பேச அவளிடம் ஒன்றுமே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் வரும். "காலேஜ் எப்படிப் போவுது?" என்பாள். "போவுது." "மெஸ்ஸு?" "இருக்குது." "அப்புறம்?" "அப்புறம் ஒண்ணுமில்லம்மா. வெச்சிடட்டா?" அவ்வளவுதான். ஊர் பேர் தெரியாதவரிடம்கூட ரயில் பெட்டியில் முதல் ஸ்டேஷனான முண்டியம்பாக்கம் தாண்டுவதற்குள் குடும்பக் கதை முழுவதையும் கறந்துவிடுகிறவளுக்கு, பெற்ற பிள்ளையிடம் இரண்டு நிமிஷத்துக்கு மேல் பேச்சு ஓடவில்லை. வெளியில் சொல்லிக்கொள்ளவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கடையில் கேட்டால், "தெனமும் ஒரு மணி நேரம் பேசுவான், விடவே மாட்டான்" என்று அளந்துவிடுவாள்.

பொங்கல் லீவுக்கு வந்தவன் மொட்டைமாடியில் போனும் கையுமாக நின்று யாரிடமோ பேசுவதைத் துணி காயப்போடப் போனபோது கேட்டாள். ஜப்பான்காரன் எடுத்த ஏதோ ஒரு கார்ட்டூன் தொடரைப் பற்றிப் பேச்சு. கதாநாயகன் செய்தது சரியா தப்பா என்று ஒரே வாக்குவாதம். பிள்ளை சிரிக்கிறான், கோபப்படுகிறான், "டேய், அந்த சீன்ல எனக்கு அழுகையே வந்துடுச்சுடா" என்கிறான். இவனுக்கு இத்தனை பேச்சு இருக்கிறதா என்று அவள் ஈரத்துணியை வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பொறாமைதான், வேறென்ன. அன்றே கேட்டுவிட்டாள்.

"எனக்கும் ஒண்ணு சொல்லுடா. நானும் பாக்கறேன்."

"நீயா? அனிமேவா? உனக்குப் புடிக்காதும்மா."

"பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது. சொல்லு."

அவன் பெயரைச் சொன்னான். போனில் எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டியும் கொடுத்தான். தமிழில் அனிமே விமர்சனம் பண்ணும் ஒரு தாடிக்காரப் பையனுடைய யூட்யூப் சேனலையும் அனுப்பி வைத்தான். "இவரு சூப்பரா சொல்வாரு. பாத்து முடிச்சிட்டு இவரு பேசறதையும் கேளு" என்றான்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். பானு முயற்சி பண்ணாமல் இல்லை. அவன் கிளம்பிப் போன வாரமே ஒரு நாள் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஜப்பான் மொழியில் கத்தினார்கள், கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடியது. மாத்திரை அட்டையின் பொடி எழுத்தையே படித்துவிடுகிறவளுக்கு அது ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை. பிடிக்கவில்லை, அவ்வளவுதான். முகத்தில் பாதிக்குக் கண்ணை வைத்திருக்கிறார்களே என்று தோன்றியது. முதல் பாகம் பாதி ஓடுவதற்குள் அவளுடைய ஏழரை மணி சீரியல் ஆரம்பிக்கும் நேரம் வந்துவிட்டது. போனை அணைத்துவிட்டு டிவியைப் போட்டாள். அதற்குப் பிறகு அந்தத் தொடரை அவள் திறக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "பாத்தியாம்மா?"

"பாத்தேன்டா."

"எப்படி இருந்துச்சு?"

சும்மா நன்றாக இருந்தது என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே படுத்திருக்கும். அன்று காலையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டே அந்தத் தாடிக்காரன் பேசியதை ஓடவிட்டுக் கேட்டிருந்தாள். அது கைகொடுத்தது. "கடைசியில அந்த அண்ணன்காரன் செஞ்சது எனக்கு ஒத்துக்கல. தம்பிக்காகன்னு சொல்றான், ஆனா அவன் பெருமைக்காகத்தான செஞ்சான்?" என்று எடுத்துவிட்டாள்.

 "அம்மா! செமம்மா நீ!" என்று பிள்ளை குதித்தான். அதற்குமேல் அவன் பேசினான் பேசினான், காது சுடுகிற வரைக்கும் பேசினான். போனை வைத்தபோது பானுவுக்குத் தலைகால் புரியவில்லை. பொய் சொன்னோமே என்று ஒரு மூலையில் உறுத்தியது. இருமல் மருந்தைக் குடித்துப் பார்த்துவிட்டா சொல்கிறோம் என்று அந்த உறுத்தலின் வாயை அடைத்தாள்.

அதிலிருந்து அது வாராவாரம் நடக்கும் காரியமாகிவிட்டது. அவன் ஒரு தொடர் சொல்வான். அவள் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தாடிக்காரன் பேச்சைக் கேட்பாள். வீடியோவுக்குக் கீழே ரசிகர்கள் எழுதியிருப்பதில் தமிழில் உள்ளவற்றை மேலோட்டமாகப் பார்த்து, பளிச்சென்று இருப்பதை மனதில் ஏற்றிக்கொள்வாள். சாயங்காலம் வீட்டில் காலை நீட்டிக்கொண்டு இரண்டு சீரியலையும் ஒழுங்காகப் பார்ப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஏற்றிவைத்ததை இறக்குவாள். "அப்புறம் என்னடா ஆச்சு, நீ எப்படி நினைக்கற?" என்று நடுநடுவே ஆவலாகக் கேட்கவும் பழகிக்கொண்டாள். இப்போது கடையில் அவள் அளப்பது முழுப்பொய் இல்லை. பிள்ளை நிஜமாகவே முக்கால் மணி நேரம் பேசினான்.

ஆயுத பூஜை லீவுக்கு அவன் வந்திருந்தபோது, திண்டிவனத்திலேயே இருக்கும் அவனுடைய சிநேகிதன் கோபியும் கூடப் படிக்கும் அதே ஊர் அமலாவும் பானுவைப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுவதாகத் தெரிந்தது. சொன்னது தென்னரசு இல்லை. மாத்திரை வாங்கக் கடைக்கு வந்த கோபி, "ஆன்ட்டி, உங்கள ஒரு தடவ மீட் பண்ணணும்னு அமலா சொல்லிக்கினே இருக்கா" என்றான். பானுவுக்கு உச்சி குளிர்ந்தது. வீட்டுக்கு வந்து சொன்னால் பிள்ளை முகம் மாறியது.

"வேணாம்மா. அவனுங்க சும்மா சொல்லுவானுங்க."

"ஏன்டா? நான் வந்தா உனக்கு அசிங்கமா?"

"ஐயோ, அப்படி இல்லம்மா."

"அப்ப நாளைக்கு வேலை முடிஞ்சதும் பாக்கலாம். நீ திண்டிவனம் வந்துடு."

 தன் பழைய புடவையைப் பார்த்துத்தான் தயங்குகிறான் என்று நினைத்து, மறுநாள், போன தீபாவளிக்கு வாங்கிய பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். குமரேசன்கூட, "இன்னாம்மா, கல்யாணமா?" என்று கேட்டார். காலையில் போகும் வழியிலேயே ரயிலில் நன்றாகத் தயார் பண்ணிக்கொண்டிருந்தாள். கடைசியாகப் பிள்ளை சொல்லியிருந்தது, மழை நிற்காத ஒரு துறைமுகத்தில் குடை ரிப்பேர் செய்யும் பையனுடைய கதை. அதற்குத் தாடிக்காரன் போட்டிருந்த வீடியோவின் கீழே முதல் கருத்தாக ஒன்று நின்றது. எழுதினவன் பெயர் ஏதோ ஜப்பான் வார்த்தையும் எண்களுமாக இருந்தது. நாலே வரிதான் தெரிந்தது. அந்த நாலு வரியும் அவளுக்கு அவ்வளவு பிடித்துப்போனது. பிள்ளையிடம் போனில்கூடச் சொல்லாமல் இந்த நாளுக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தாள்.

சாயங்காலம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜூஸ் கடையில் உட்கார்ந்தார்கள். அமலா கண்ணாடி போட்ட ஒல்லியான பெண். பானுவைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "எவ்ளோ நாளா உங்கள பாக்கணும்னு இருந்தேன் ஆன்ட்டி" என்றாள். பிடித்த கையை விடவே இல்லை. கரும்பு வெட்டு எப்படி என்று கோபி விசாரித்தான். திண்டிவனம் மழை, கோயம்புத்தூர் மழை, மெஸ் சாம்பார் என்று பேச்சு எங்கெங்கோ போனது. அனிமே என்ற வார்த்தை மட்டும் ஒருவர் வாயிலும் வரவில்லை. இவள் இத்தனை தயாராக வந்திருக்க, இவர்கள் கேட்கிற மாதிரி தெரியவில்லையே என்று பானுவுக்குப் பொறுக்கவில்லை. சாத்துக்குடி பாதி டம்ளர் இறங்கியதும் தானே ஆரம்பித்தாள்.

"அந்தக் குடைக்காரப் பையன் கதை பாத்தீங்களா?"

தென்னரசு சட்டென்று, "அம்மா, ட்ரெயினுக்கு டைம் ஆச்சும்மா" என்றான்.

"இருடா. பெரியவங்க பேசறப்ப..." என்று அவனை அடக்கிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அந்த ஒம்போதாவது எபிசோடுலதான்பா கதையோட உசுரே இருக்குது. அந்தப் பொண்ணு கிழிஞ்ச குடைய எடுத்துக்கினு வர்றா. அவன் சரி பண்ணாம அப்படியே திருப்பிக் குடுக்கறான். ஏன்? சரி பண்ணிட்டா அவ மறுபடி வரமாட்டா. வேலை தெரியாம இல்ல, அத முடிக்க அவனுக்கு மனசு வரல."

சொல்லி முடித்துவிட்டு மூன்று முகங்களையும் பார்த்தாள். கைதட்டாத குறையாக எதையோ எதிர்பார்த்தாள். கோபி டம்ளருக்குள் உறிஞ்சுகுழலைப் போட்டுக் கிண்டிக்கொண்டிருந்தான். தென்னரசு விலைப்பட்டியல் எழுதியிருந்த சுவரைப் பார்த்தான். அமலா மட்டும் அவளையே பார்த்தாள். கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது. "சூப்பரா சொன்னீங்க ஆன்ட்டி" என்று மெதுவாகச் சொன்னாள். நோயாளியிடம் பேசுகிற குரல் அது. மருந்துக்கடையில் நிற்கிறவளுக்கு அந்தக் குரல் தெரியாதா?

"ஏன், தப்பா சொல்லிட்டனா?"

"இல்லம்மா. வா, போலாம்" என்றான் தென்னரசு.

ரயில் நிலையத்தில் பானுவிடம் சீசன் டிக்கெட் இருந்தது. பிள்ளை தனக்கு டிக்கெட் எடுக்க வரிசையில் நின்றான். அவள் பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தாள். எங்கே தப்பு பண்ணினோம், எபிசோடு எண்ணை மாற்றிச் சொல்லிவிட்டோமா என்று பார்க்கத்தான் எடுத்தாள். எண் சரிதான். நாலு வரியும் அவள் சொன்னபடியே இருந்தன. நாலாவது வரியின் முடிவில் வெளிறின எழுத்தில் 'மேலும் படிக்க' என்று இருந்தது. இத்தனை நாளில் ஒரு கருத்தையும் அவள் அந்த இடத்தில் தொட்டதில்லை. இப்போது தொட்டாள். சுருண்டு கிடந்தது விரிந்தது.

'எங்க அம்மா நான் சொல்ற எதையும் பாக்கறதில்ல. அவங்களுக்கு எங்க நேரம்? காலையிலேர்ந்து கடையில நின்னுக்கிட்டே வேலை. கால் வலியோட வந்து சமைக்கணும். ஆனா எங்கேயோ கதையைக் கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, பாத்த மாதிரியே எங்கிட்ட பேசறாங்க. பாக்கலைன்னு எனக்கு முதல் மாசமே தெரியும். நான் காட்டிக்கல. காட்டினா பேசறத நிறுத்திடுவாங்க. அந்தக் குடைக்காரன் ஏன் அப்படி செஞ்சான்னு எனக்கு நல்லாவே புரியுது.'

அதற்குக் கீழே அமலாவின் படமும் பெயரும் இருந்தன. 'தென்னரசு, உங்க அம்மாவ ஒரு தடவ பாக்கணும்டா' என்று எழுதியிருந்தாள். அதற்கும் கீழே முகம் தெரியாத யார் யாரோ. 'இந்த அம்மா காலைத் தொட்டுக் கும்பிடணும்' என்று ஒருவர். 'படிச்சிட்டு அழுதுட்டேன்' என்று இன்னொருவர்.

பானுவுக்கு உடம்பெல்லாம் கூசியது. முதலில் ஜூஸ் கடை நினைவுக்கு வந்தது. பிள்ளை எழுதினதையே பிள்ளைக்கு முன்னால், எல்லாம் தெரிந்த அந்தக் குழந்தைகளுக்கு முன்னால், பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்திருக்கிறாள். அவர்கள் சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. பாவம் என்று பார்த்தார்கள். ஆனால் அது முழுவதும் மனதில் இறங்குவதற்குள் அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று வந்து அவளை அமுக்கியது. கால் வலியாம். சமையலாம். ஏழு மணிக்கெல்லாம் வீட்டுக்குப் போய்விடுகிறவள் அவள். பாதி நாள் செல்வகுமாரே சோறு வடித்து வைத்திருப்பான். பிள்ளை எழுதியிருக்கும் அந்த அம்மா யாரோ நல்லவள். அந்தக் காலைத்தான் யாரோ தொட்டுக் கும்பிடுகிறேன் என்கிறார்கள். அந்தக் கால் தினமும் டிவிக்கு முன்னால் நீட்டியிருந்தது.

வண்டி வந்தது. ஏறி எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். மயிலம் வருகிற வரைக்கும் அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு யோசித்தாள். சொல்லாமல் விட்டுவிடலாம். அவன் ஒன்றும் கேட்கப்போவதில்லை. அந்த நல்ல அம்மாவாகவே அவள் காலத்தை ஓட்டிவிடலாம். அப்படி நினைத்தபோது தன் மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"தென்னு. அத முழுசா படிச்சிட்டேன்டா."

எதை என்று அவன் கேட்கவில்லை. முகம் சிவந்துவிட்டது. "ஸாரிம்மா. நீ படிப்பேன்னு நினைக்கல. அவங்க ரெண்டு பேர்கிட்டயும் அனிமே பத்தி பேசக் கூடாதுன்னு சொல்லித்தான் வெச்சிருந்தேன்."

"நீ எதுக்குடா ஸாரி சொல்ற?"  பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "நேரமில்லன்னு எழுதியிருக்கற. நேரம் இருந்துச்சுடா. எனக்குக் கால் வலியும் இல்ல, கை வலியும் இல்ல. சாயங்காலம் ஆனா சீரியல் பாப்பேன். ரெண்டு சீரியல், தெனமும். உன்னுது மொத தடவ கொஞ்சம் பாத்தேன். புடிக்கல. அப்புறம் தொறக்கவே இல்ல. இதான் நெசம்."

தென்னரசு அவளைப் பார்த்தான். பார்க்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும், அதை எப்போதோ மன்னித்திருந்தான். நேரம் இருந்தும் பார்க்கவில்லை என்பது அவனுக்குத் தெரியாது. பானுவின் கண் முன்னாலேயே அந்த முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனது.

"ஒண்ணுகூடவாம்மா பாக்கணும்னு தோணல?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.  அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பேரணி ஸ்டேஷன் வந்தது, போனது. விக்கிரவாண்டியில் கூட்டம் இறங்கியது. இனி ஞாயிற்றுக்கிழமை போன் வராது, வந்தாலும் இரண்டு நிமிஷம்தான் என்று அவள் நினைத்தாள். தன் கையால் தானே கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்தாள். கெட்டது இன்றைக்கு இல்லை, டிவி போட்ட அந்த முதல் நாளே கெட்டுவிட்டது என்றும் தெரிந்தது. கண்ணைத் துடைத்தால் அவன் பார்த்துவிடுவான் என்று துடைக்காமல் இருந்தாள்.

வண்டி மறுபடி நகர்ந்ததும் அவன் திரும்பினான்.

"என்ன சீரியல்மா?"

"ம்?"

"நீ பாக்கறது. என்ன கதை?"

"அது... ஒரு மாமியார் மருமவ கதைடா. உனக்கு எதுக்கு அதெல்லாம்?"

"சும்மா சொல்லு."

அவள் தயங்கித் தயங்கி ஆரம்பித்தாள். மருமகள் பேரில் இருந்த வீட்டை மாமியார் ஏமாற்றி எழுதி வாங்கியதைச் சொன்னாள். வெளியூர் போன மகன் பேர் மாற்றிக்கொண்டு திரும்பி வந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது எவ்வளவு அபத்தம் என்று அவளுக்கே கேட்டது, முகம் சூடானது. அவன் முன்னால் குனிந்து உட்கார்ந்து, கண்ணை அகல விரித்து வைத்துக்கொண்டு, "ஐயோ! அப்புறம் என்னம்மா ஆச்சு? நீ எப்படி நினைக்கற?" என்றான்.

இந்தக் குரல் பானுவுக்குத் தெரியும். இத்தனை மாதமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போட்ட குரல் இது. அவனுக்கு அந்தக் கதையில் ஒரு மண்ணும் பிடிக்கவில்லை. அவளுக்காகக் கேட்கிறான். தெரியும் என்று காட்டிக்கொண்டால் அவன் பேச்சை நிறுத்திவிடுவான். வெட்கமாக இருந்தாலும் அவள் ஒன்றும் தெரியாதவள் போல மாமியார் கதையை விட்ட இடத்திலிருந்து சொல்லிக்கொண்டே போனாள்.